டாக்காவில் நின்றுபோன பிரிண்டர்: சைபர் பாதுகாப்பு, முதல் பாடம்

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. வங்கதேசத்தில் அன்று வார விடுமுறை. டாக்காவில் அந்த நாட்டு மத்திய வங்கியின் பத்தாவது மாடியில் ஒரு பிரிண்டர் வேலை செய்யவில்லை. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றச் செய்திகளை ராத்திரி பகல் பாராமல் தானாகவே அச்சடித்துத் தள்ளவேண்டிய பிரிண்டர் அது. அன்று காலை ஒரு தாள்கூட வரவில்லை. பிரிண்டர் மக்கர் செய்வது எந்த அலுவலகத்தில்தான் இல்லை? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஒருவழியாக அதை ஓடவைத்தபோது, நியூயார்க்கில் இருக்கும் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்து வந்து தேங்கிக் கிடந்த கேள்விகள் அச்சாகி வரத் தொடங்கின. வங்கதேசத்தின் பணம் அந்த வங்கியில் ஒரு கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி 35 உத்தரவுகள் போயிருந்தன. மொத்தம் சுமார் 95 கோடி டாலர். டாக்காவில் யாரும் அப்படி ஓர் உத்தரவைக் கொடுக்கவே இல்லை.

அந்த 35இல் ஐந்து நிறைவேறிவிட்டன. நான்கின் வழியாக 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸில் ஒரு வங்கிக் கிளைக்குப் போனது. ஐந்தாவது உத்தரவின்படி 2 கோடி டாலர் இலங்கையில் ஷாலிகா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கணக்குக்குப் போகவேண்டும். ஆனால் உத்தரவில் 'ஃபவுண்டேஷன்' என்பதை 'ஃபேன்டேஷன்' என்று தப்பாக எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த டாய்ச் வங்கி சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டது, அந்தப் பணம் தப்பியது. பிலிப்பைன்ஸ் பணத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெள்ளி டாக்காவில் விடுமுறை. சனி, ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை. திங்கள் சீனப் புத்தாண்டு, பிலிப்பைன்ஸில் விடுமுறை. நிறுத்தச் சொல்லிப் போன செய்தியை அங்கே பார்க்க ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை பணம் கைமாறி, பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் போய்விட்டது. சுமார் 1.5 கோடி டாலர் மட்டும் அந்த ஆண்டுக்குள் திரும்பக் கிடைத்தது. மத்திய வங்கியின் ஆளுநர் பதவி விலகினார்.

சைபர் பாதுகாப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையில்தான் தொடங்குவேன். ஒரு வீட்டுக்கும் ஒரு வங்கிக்கும் ஒரு நாட்டுக்கும் நடக்கிற தாக்குதல்களில் பொதுவாக என்ன இருக்கிறது என்பதை அந்தப் பிரிண்டர் நன்றாகக் காட்டுகிறது. அது கெட்டுப்போகவில்லை. கெடுத்து வைத்திருந்தார்கள். கணினியில் நடப்பதைத் தனியாகக் காகிதத்தில் காட்டிக்கொண்டிருந்த சாதனம் அது ஒன்றுதான். உள்ளே வந்தவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் அந்த இரண்டாவது கண்ணை மூடினார்கள்.

உள்ளே எப்படி வந்தார்கள்?

வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் போல மின்னஞ்சல் அனுப்பினார்கள். 2015 ஜனவரியிலேயே அது நடந்துவிட்டது. 'என் பயோடேட்டா இந்த லிங்க்கில் இருக்கிறது, பாருங்கள்' என்ற மாதிரி ஒரு பணிவான கடிதம். ஊழியர் யாரோ திறந்துவிட்டார். அதோடு ஒரு தீநிரல், அதாவது கெட்ட வேலை செய்வதற்கென்றே எழுதப்பட்ட நிரல், அந்தக் கணினியில் இறங்கியது. அங்கிருந்து பக்கத்துக் கணினி, அதிலிருந்து அடுத்தது என்று மெல்ல மெல்ல நகர்ந்தார்கள். ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். உள்ளூர் வலையமைப்பில் ஃபயர்வால் என்ற தடுப்பே இல்லை, பழைய மலிவு விலைச் சாதனங்கள்தான் இருந்தன என்று பின்னர் விசாரித்த போலீஸார் சொன்னார்கள். யார் எப்போது உள்நுழைகிறார், உத்தரவு எந்த வடிவில் போகிறது, விடுமுறை எப்போது என்று எல்லாவற்றையும் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த மாதிரி நம்பவைத்துத் திறக்கச் செய்யும் செய்திக்குத்தான் ஃபிஷிங் என்று பெயர். தூண்டில் போடுவது. பொதுவாக எல்லோருக்கும் வீசினால் அது வலை மாதிரி. ஒருவரைப் பற்றி விசாரித்து, அவர் பெயரும் பதவியும் போட்டு அனுப்பினால் குறிவைத்த தூண்டில். ஹேக்கர் என்றதும் சினிமாவில் வருவதுபோல் இருட்டறையில் படபடவென்று தட்டி ஐந்து நிமிடத்தில் பூட்டை உடைக்கிறவர் நம் நினைவுக்கு வருகிறார். அப்படிப்பட்ட திறமைசாலிகளும் உண்டு. ஆனால் பெரும்பாலான கதைகளில் கதவை உள்ளிருந்து யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு திறந்துவிட்டிருக்கிறார்.

சரி, எதைக் காப்பாற்றப் பார்க்கிறோம்? உங்கள் நிலத்தின் பட்டா கணினியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கக்கூடாதவர் பார்த்தால் அது ஒரு கேடு. யாரோ உள்ளே புகுந்து சர்வே எண்ணை மாற்றிவிட்டால் அது இன்னொரு கேடு. எதையும் திருடாமல், மாற்றாமல், பத்திரப்பதிவு அன்றைக்கு அந்தப் பட்டாவை வைத்திருக்கும் சர்வரே, அதாவது மையக் கணினியே, எழுந்திருக்காமல் செய்துவிட்டால் அது மூன்றாவது கேடு. ரகசியம் காக்கப்படவேண்டும், உள்ளது உள்ளபடி இருக்கவேண்டும், வேண்டும்போது கிடைக்கவேண்டும். இந்தத் துறையின் புத்தகங்கள் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்த மூன்றைச் சுற்றித்தான் பேசும்.

பெரியப்பாவின் பத்து ரூபாய்

எங்கள் பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பால் கணக்கைக்கூட நோட்டில் எழுதி மாதக் கடைசியில் சரிபார்ப்பவர். ஒருநாள் சாயங்காலம் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. சென்ற மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைத் தொடர்புகொள்ளவும் என்று ஒரு செல்போன் எண். அவர் கட்டணம் கட்டியிருந்தார், ரசீதும் இருந்தது. அதனால்தான் கோபம் வந்தது. சண்டை போடுவதற்காகவே அந்த எண்ணுக்குப் போன் செய்தார்.

எதிர்முனையில் மிக மரியாதையான குரல். "சார், நீங்க கட்டினது உண்மைதான். சிஸ்டத்துல ஏறலை. பத்து ரூபா மட்டும் இப்ப கட்டுங்க, அப்டேட் ஆயிடும். நானே கூட இருந்து செஞ்சு தரேன்." உதவி செய்வதற்கென்று ஒரு ஆப்பை இறக்கச் சொன்னார். அது திரையைப் பகிரும் ஆப். உங்கள் போன் திரையில் தெரிவதெல்லாம் எங்கோ உட்கார்ந்திருக்கும் இன்னொருவருக்கு அப்படியே தெரியும். அலுவலகங்களில் கணினி பழுது பார்க்க நியாயமாகப் பயன்படுவதுதான். அப்புறம் ஒரு பக்கத்தின் லிங்க். அதில் பத்து ரூபாய் கட்ட டெபிட் கார்டு எண்ணையும் காலாவதி தேதியையும் பெரியப்பா நிதானமாக, தப்பில்லாமல் தட்டினார். கார்டு விவரம் பறிபோயிற்று. ஓடிபி வந்தபோது அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை, திரையில் தெரிந்ததை அந்தப் பக்கம் படித்துக்கொண்டார்கள்.

அந்த உரையாடல் முழுக்க ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது என்று பிறகு பெரியப்பா சொன்னார். "போனை மட்டும் கட் பண்ணிடாதீங்க சார்." சமையலறையிலிருந்து பெரியம்மா "யாருங்க போன்ல?" என்று கேட்டதற்கு, சும்மா இரு என்று கையைக் காட்டியிருக்கிறார்.

பெரியம்மாதான் அந்த வீட்டின் பிரிண்டர். கேட்டுக்கொண்டிருந்தால் நிச்சயம் ஏதாவது சொல்லியிருப்பார். அவர் காதுக்கு விஷயம் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த மரியாதையான குரலின் பாதி வேலை. டாக்காவில் நிரல் எழுதிச் செய்ததை இங்கே பேச்சிலேயே செய்துவிட்டார்கள். 49,000 ரூபாய் ஒருமுறை, 38,000 ரூபாய் இன்னொருமுறை போயிற்று.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஏமாந்தவரைப் பார்த்து 'படிச்ச மனுஷன் இப்படியா?' என்று கேட்பது நம் வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்வி குரூரமானது, அதைவிட முக்கியம், அது ஆபத்தானது. வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறவர் புகார் கொடுக்கத் தாமதிக்கிறார். தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்குத்தான் லாபம்.

பெயர் மாறும், சூத்திரம் மாறாது

இப்போது சில பழக்கமான மோசடிகளைப் பாருங்கள். வாட்ஸாப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்றோ 'போக்குவரத்து அபராத ரசீது' என்றோ ஒரு கோப்பு வருகிறது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்கவேண்டும். இது ஏபிகே என்று முடிகிறது, அதாவது ஆண்ட்ராய்டு போனில் நிறுவப்படும் ஒரு செயலி. தொட்டதும் 'அறியாத இடத்திலிருந்து வரும் செயலி, அனுமதிக்கவா?' என்று போன் கேட்கும். அனுமதித்தால் அடுத்து குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கல்யாணப் பத்திரிகைக்கு உங்கள் குறுஞ்செய்தி எதற்கு? அந்த இடத்தில் ஒரு நொடி நின்றால் போதும். நிற்காவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபியை அது படித்து வெளியே அனுப்பும், சில செயலிகள் அந்த எச்சரிக்கைச் செய்தி உங்கள் கண்ணில் படாமலே மறைத்தும் விடும். இங்கும் இரண்டாவது கண்தான் குறி.

'டிஜிட்டல் கைது' இன்னும் கொடூரமானது. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் ஆதாரில் பணமோசடி நடந்திருக்கிறது என்று ஒரு அழைப்பு. பிறகு வீடியோவில் போலீஸ் சீருடையில் ஒருவர், பின்னால் ஸ்டேஷன் மாதிரி ஓர் அறை. கேமராவை அணைக்கக்கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் அவர்களையும் கைது செய்வோம். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் வைத்திருப்பார்கள். கடைசியில் 'சரிபார்ப்பதற்காக' சேமிப்பு முழுவதையும் ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரிக்கவேண்டி வந்தது. எந்தப் போலீஸும் வீடியோ காலில் கைது செய்யாது, எந்த நீதிமன்றமும் போனில் பணம் கேட்காது.

'வீட்டில் யாரிடமும் சொல்லாதே' என்று ஓர் அந்நியர் சொன்னால், உடனே வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். தனிமனிதர்களுக்கான சைபர் பாதுகாப்பில் இதற்கு மேலான ஓர் அறிவுரை எனக்குத் தெரியவில்லை.

அவசரம், பயம், ரகசியம் மூன்றும் சேர்ந்து வந்தால் போனை வைத்துவிடலாம். வங்கி என்று சொன்னால் கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நாமே கூப்பிட்டுக் கேட்கலாம். வந்த எண்ணுக்கே திருப்பி அழைப்பதில் பயனில்லை. மகன் குரலில் பேசி 'விபத்து, உடனே பணம் அனுப்பு' என்றாலும் இதே வழிதான். இப்போது ஒருவரின் குரலை நகலெடுப்பது சுலபமாகிவிட்டது, சில நொடிப் பதிவு போதும். மகனின் வழக்கமான எண்ணுக்கு நாம் அழைக்கவேண்டும். யுபிஐ பற்றி ஒரே ஒரு விஷயம்: பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பணம் உங்களுக்கு வருவதற்குப் பின் எண் போடச் சொல்கிறார்கள் என்றால், அது உங்கள் பணம் போவதற்கான வழி.

கடவுச்சொல்லில் பலரும் செய்கிற தவறு அது சின்னதாக இருப்பது என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய தவறு ஒரே சாவியை எல்லாப் பூட்டுக்கும் வைப்பது. எங்கோ ஒரு சின்னக் கடையின் இணையதளத்தில் கசிந்த உங்கள் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் எடுத்து, அதே ஜோடியை நூறு தளங்களில் இயந்திரம் வைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லை என்றால் மின்னஞ்சலுக்கு மட்டுமாவது தனியான, நீளமான ஒன்றை இன்றைக்கே வையுங்கள். மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மீட்கும் வழி மின்னஞ்சல்தானே, அது பறிபோனால் எல்லாம் போகும். கூடவே இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். கடவுச்சொல் தெரிந்தாலும் உங்கள் கையில் இருக்கும் போனில் ஒருமுறை ஒப்புதல் தந்தால்தான் திறக்கும். வாட்ஸாப்பில் இதற்காக ஆறு இலக்க பின் வைக்கும் வசதி இருக்கிறது, அமைப்புகளுக்குள் போனால் ஒரு நிமிட வேலை.

தள்ளிப்போட்ட அப்டேட்

'அப்டேட் செய்யவா?' என்று போன் கேட்கும்போது 'பிறகு' என்று தட்டுவது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். அந்தப் 'பிறகு' ஒரு நாட்டின் மருத்துவமனைகளை என்ன செய்தது என்று பார்க்கலாம்.

விண்டோஸில் ஓர் ஓட்டை இருந்தது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவுக்கு அது தெரியும். மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல், அதில் நுழையும் கருவி ஒன்றைச் செய்து வைத்திருந்தது. அந்தக் கருவி எப்படியோ திருடுபோய் 2017 ஏப்ரலில் இணையத்தில் வெளியானது. அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுவிட்டது. மே 12 அன்று வானாக்ரை என்ற தீநிரல் கிளம்பியது. இது ரான்சம்வேர் வகை: உங்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, சாவிக்குப் பிணைத்தொகை கேட்கும். கேட்டது 300 டாலர், பிட்காயினில். யாரும் எதையும் திறக்கவேண்டியதில்லை, அப்டேட் செய்யாத ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானே தாவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவையில் சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாயின. அவற்றில் அறுவை சிகிச்சைகளும் அடங்கும்.

அதை நிறுத்தியது மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது ஆங்கிலேய இளைஞர். நிரலைப் பிரித்துப் பார்த்தபோது, யாரும் பதிவு செய்யாத ஒரு விசித்திரமான இணைய முகவரியை அது தேடுவதைக் கண்டார். சுமார் 11 டாலர் கொடுத்து அந்த முகவரியைத் தன் பெயரில் பதிந்தார். அந்த முகவரி பதில் சொல்ல ஆரம்பித்ததும் வானாக்ரை பரவுவதை நிறுத்திக்கொண்டது. அது ஒரு அணைப்புப் பொத்தான் என்று பதியும்போது அவருக்கே தெரியாது.

உளவு அமைப்பு ஓட்டையைக் கண்டவுடனே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாடுகள் ஒருவருக்கொருவர் எதிராகச் சேர்த்து வைக்கும் இந்த ஆயுதங்கள் எல்லையிலேயே நிற்பதில்லை, ஏதோ ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறை வரைக்கும் வந்துவிடுகின்றன. வானாக்ரைக்கும் வங்கதேச வங்கிக் கொள்ளைக்கும் பின்னால் வடகொரியாவைச் சேர்ந்த ஒரே குழுதான் என்று 2018 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடக்கப்பட்டபோது, பல நாள்களுக்கு நோயாளிகளின் பதிவை எல்லாம் கையால் எழுதினார்கள். பூட்டப்பட்ட கோப்புக்கு நிச்சயமான மருந்து ஒன்றுதான்: அதன் பிரதி வேறெங்காவது, வலையோடு இணைக்காத இடத்தில் இருப்பது. வீட்டில் குழந்தைகளின் போட்டோக்களுக்கும் அதுதான். மாதம் ஒருமுறை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றாமல் மாட்டியே வைத்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

நாடுகள் என்ன செய்யலாம்

2015 டிசம்பர் 23. உக்ரைனின் மேற்குப் பகுதியில் மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவர்கள், தங்கள் திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்வதைப் பார்த்தார்கள். அது ஒவ்வொரு துணைமின் நிலையமாகப் போய் இணைப்பைத் துண்டித்தது. அவர்கள் மவுஸைப் பிடித்து இழுத்தும் பயனில்லை. சுமார் 2,25,000 வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. அதே நேரத்தில் மின்நிறுவனத்தின் புகார் எண்ணுக்குப் போலி அழைப்புகளைக் குவித்து, மக்கள் தகவல் சொல்ல முடியாமலும் செய்தார்கள். இங்கேயும் தொடக்கம் மின்னஞ்சலில் வந்த ஓர் அலுவலகக் கோப்புதான்.

ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் மின்சாரம் திரும்பியது. எப்படி என்றால், ஊழியர்கள் வண்டியெடுத்துக்கொண்டு துணைமின் நிலையங்களுக்கே போய்க் கையால் சுவிட்சைப் போட்டார்கள். பழைய முறையை அவர்கள் மறக்கவில்லை. எல்லாவற்றையும் கணினியிடம் கொடுத்துவிட்டுக் கைவேலை தெரிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பும் எந்த அரசும் இந்தச் சம்பவத்தை ஒருமுறை படிக்கவேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2019 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவைச் சேர்ந்த ஒரு கணினியில் தீநிரல் இருப்பது தெரியவந்தது. உலையை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி வலையோடு சேராமல் தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். முக்கியமானதைத் தனியாகப் பிரித்து வைப்பது நல்ல வழிதான். என்னை உறுத்துவது வேறு. செய்தி வெளியானதும் முதலில் வந்தது மறுப்பு. அதற்கு மறுநாள், அக்டோபர் 30 அன்றுதான் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. கூடங்குளத்தைச் சுற்றி வாழும் மக்களின் நம்பிக்கை ஏற்கனவே எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தும் அப்படிச் செய்திருக்கவேண்டாம்.

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி இதற்கு எதிர்ப்பக்கம். 2018 பிப்ரவரியில் அங்கிருந்து மூன்று போலி உத்தரவுகள் வழியாக ஏறக்குறைய 20 லட்சம் டாலரை துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களுக்குக் கடத்தப் பார்த்தார்கள். அங்கேயும், நம்புங்கள், பிரிண்டரைத்தான் முதலில் முடக்கியிருந்தார்கள். மறுநாள் காலை கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோது ஊழியர்கள் கண்டுபிடித்தார்கள், ஒரு தொகையை உடனே தடுத்தார்கள். வங்கி நடந்ததை வெளிப்படையாக அறிவித்தது. தினமும் காலையில் கணக்கு நேர் பார்க்கும் பழைய வங்கிப் பழக்கம் அன்று காப்பாற்றியது. சிங்கப்பூரில் 2018இல் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் திருடுபோனபோது அரசு விசாரணைக் குழு வைத்து அறிக்கையையும் வெளியிட்டது. திருடுபோனவற்றில் பிரதமரின் மருந்து விவரமும் இருந்தது. ஓரிடத்தில் நடந்தது மற்ற இடங்களுக்குத் தெரிந்தால்தான் அதே தூண்டிலில் அடுத்தவர் சிக்கமாட்டார்.

இதற்காகத்தான் ஒவ்வொரு நாடும் ஒரு அவசரகால அணி வைத்திருக்கிறது. இந்தியாவில் 2004 முதல் செர்ட்-இன், இலங்கையில் 2006 முதல் இலங்கை செர்ட். தீயணைப்புத் துறை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பட்டியலிட்ட வகைச் சைபர் சம்பவங்களை நிறுவனங்கள் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்தியாவில் விதி வந்தது. நம் விவரங்களைச் சேகரிக்கிறவர்களுக்குப் பொறுப்பு சுமத்தும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது.

இந்த விஷயத்தில் உலகமே பார்த்துக் கற்றுக்கொண்ட நாடு எஸ்டோனியா. மக்கள்தொகை சுமார் 13 லட்சம்தான், நம் கோயம்புத்தூர் மாவட்டத்தைவிடக் குறைவு. 2007 ஏப்ரலில் தாலின் நகரில் இருந்த ஒரு சோவியத் கால வீரர் சிலையை இடம் மாற்றியதை ஒட்டிக் கலவரம் வந்தது. கூடவே அரசுத் தளங்கள், வங்கிகள், பத்திரிகைகள் எல்லாவற்றின் மீதும் வாரக்கணக்கில் இணையத் தாக்குதல் நடந்தது. ஒரே வாசலில் லட்சம் பேரை ஒன்றாக நெரிக்கவிட்டு உள்ளே யாரும் போகமுடியாமல் செய்கிற வகை. அதற்குப் பிறகு அவர்கள் செய்ததில் இரண்டு எனக்கு மிகவும் பிடிக்கும். வங்கிகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்யும் கணினி வல்லுநர்களைத் தன்னார்வலர் படையாகத் திரட்டிப் பயிற்சி தருகிறார்கள், நம் ஊர்க்காவல் படை மாதிரி. இன்னொன்று, நாட்டின் முக்கியப் பதிவேடுகளின் பிரதியை லக்ஸம்பர்க்கில் ஒரு 'தரவுத் தூதரகத்தில்' வைத்திருக்கிறார்கள். கட்டடம் வேறு நாட்டில், உள்ளே இருக்கும் தரவுக்கு எஸ்டோனியச் சட்டம். நிலமே பறிபோனாலும் யாருக்கு எது சொந்தம் என்ற ஏடு பத்திரமாக இருக்கும். அலமாரியில் வைத்த ஹார்ட் டிஸ்க்கின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம்.

சட்டம் மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது. திருடன் ஒரு நாட்டில், சர்வர் இன்னொன்றில், பணம் மூன்றாவதில். சைபர் குற்றங்களுக்கு எதிரான ஓர் உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பரில்தான் ஏற்றது. அதற்குள் மியான்மர், கம்போடியா எல்லைகளில் மோசடிக்கென்றே வளாகங்கள் முளைத்துவிட்டன. தாய்லாந்தில் ஐடி வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி அழைத்துப் போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, அடித்து உட்காரவைத்துப் போன் செய்யச் சொல்கிறார்கள். 2022இல் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் சென்னை வந்து இறங்கியபோதுதான் நம்மில் பலருக்கு இது தெரிந்தது. இலங்கை இளைஞர்களும் அங்கே சிக்கியிருந்தார்கள். நம்மை ஏமாற்ற அழைக்கும் குரலுக்குப் பின்னால் சில சமயம் இன்னொரு ஏமாந்த பிள்ளை இருக்கிறான்.

1930

பெரியப்பா கதை பாதியில் நிற்கிறது. பணம் போன கொஞ்ச நேரத்தில் அவர் மகள், எனக்கு அக்கா, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள், போனை வாங்கினாள், இணையத்தை அணைத்துவிட்டு அந்த ஆப்பை நீக்கினாள். தன் போனிலிருந்து 1930க்கு அழைத்தாள். இந்தியாவில் இணையப் பணமோசடிக்கான எண் அது. அங்கே கேட்பார்கள்: எந்த வங்கி, எந்தக் கணக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிமாற்ற எண் என்ன. பணம் போனதாக வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியிலேயே இந்த விவரங்களில் பெரும்பாலானவை இருக்கும், அதனால் அதை அழிக்கவே கூடாது. அந்தத் தகவல் உடனே பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குப் போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். திருடனும் வங்கிகளும் ஓடும் ஓட்டப்பந்தயம் அது, அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் அவ்வளவு முக்கியம். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் எழுத்திலும் பதிவு செய்யவேண்டும்.

வங்கிக்கும் தனியாகச் சொல்லிக் கார்டை முடக்கினாள். ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்ட விதிப்படி, நாமே ஏமாந்து விவரம் கொடுத்திருந்தாலும்கூட, வங்கியிடம் புகார் சொன்ன நேரத்துக்குப் பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும். ஆகவே புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, நேரத்தோடு எழுதி வைக்கவேண்டும். பெரியப்பா இந்த இடத்தில் தன் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

38,000 ரூபாய் முதல் கணக்கிலேயே நின்றுபோயிற்று. திரும்பிவரச் சில மாதங்கள் ஆயின. 49,000 ரூபாய் மூன்று கணக்குகள் தாண்டிப் போய்விட்டது. அந்த முதல் கணக்கு ஒரு கல்லூரி மாணவனுடையது என்று போலீஸில் சொன்னார்கள். யாரோ மாதம் கொஞ்சம் பணம் தருகிறேன் என்று சொல்லி அவன் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் வாங்கிப் போயிருக்கிறார்கள். எதற்கு என்று அவன் கேட்கவில்லையாம். இப்போது அவன் பெயரில் வழக்கு இருக்கிறது.

பெரியப்பா வீட்டு நாள்காட்டிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது. பெரியம்மா கையெழுத்தில் 1930 என்று பெரிதாக, அதற்குக் கீழே வங்கியின் எண். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பெரியப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போய் நிற்கிறார்.